திருவையாற்றில் ஒரு மிருதங்கப் பையனோடு

ஜனவரி 15, 2025, புதன், மாட்டுப் பொங்கல்

கோவையிலிருந்து திருச்சி வரை மிருதங்கம் என் மடியில்தான் வந்தது. மேலே வைக்க இடமில்லை. கீழே வைக்கப் பையன் விடவில்லை. பக்கத்து சீட்டு அம்மா கரூர் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன தம்பி, குக்கரா?" என்று கேட்டார். மிருதங்கம் என்றதும் நகர்ந்து இடம் கொடுத்தார், கூடவே ஒரு துண்டு கரும்பும். நடத்துநரிடம் அந்த மரியாதை செல்லவில்லை. லக்கேஜ் டிக்கெட் எடு என்றார். மடியில் வரும் குழந்தைக்கு டிக்கெட் உண்டா என்று நான் கேட்க, பின்சீட்டில் நான்கு பேர் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பையன் என்றால் என் அக்கா மகன். ஒன்பதாம் வகுப்பு. தியாகராஜ ஆராதனையில் ஒரு பெண்ணின் பாட்டுக்கு வாசிக்க வாய்ப்பு வந்திருந்தது. பாடுகிற பெண் கல்லூரி மாணவி, அவனுடைய சாருக்குத் தெரிந்த டீச்சரிடம் படிக்கிறவள். சாருக்குக் காய்ச்சல், அதனால் துணைக்கு நான். எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவு கேட்பதோடு சரி.

கீர்த்தனைகள் இயற்றிய தியாகராஜர் திருவையாற்றில் சித்தியடைந்தது 1847-இல். அவர் சமாதியில் வருஷா வருஷம் கூடிப் பாடுவதுதான் ஆராதனை. அந்தத் திதி, தேய்பிறைப் பஞ்சமி, இந்த வருஷம் 18-ஆம் தேதி வருகிறது. 178-ஆவது ஆராதனை. ஐந்து நாள் விழா பொங்கலன்றே தொடங்கிவிட்டது.

தஞ்சாவூரில் இறங்கும்போது மணி நான்கு. போனில் பேசி வைத்திருந்த லாட்ஜில், "ரூம் எல்லாம் ஃபுல் சார்" என்றார்கள். முன்பணம் அனுப்பிய ரசீதைக் காட்டினேன். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள், அறையைப் பற்றி மூச்சு விடவில்லை. பொங்கல் கூட்டம், பெரிய கோயிலில் நந்திக்குக் காய்கறி அலங்காரம் பார்க்க வந்தவர்கள், எல்லாம் சேர்ந்து ஊரில் ஒரு அறை இல்லை. சரி, திருவையாற்றுக்கே போய்ப் பார்ப்போம் என்று டவுன் பஸ் ஏறினோம். வழியெல்லாம் பாலம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐந்து ஆற்றையும் பையன் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தான். காவிரியில் தண்ணீர் ஓடியது. கோவைக்காரர்களுக்கு ஆற்றில் தண்ணீர் தெரிந்தாலே ஊர் பிடித்துவிடும்.

டீக்கடைக்காரர் ஒருவர் கைகாட்டிய வீட்டில் இடம் கிடைத்தது. எழுபது வயதைத் தாண்டிய மாமி, தனியாக இருக்கிறார். வித்வான்கள் வந்து தங்குவது அந்த வீட்டுக்கு வழக்கமாம். வாடகை கேட்டதற்கு, "போறச்சே ஏதாவது கொடுங்கோ" என்றார். இந்த மாதிரி பதிலில் எவ்வளவு கொடுப்பது என்பது தெரியாமல் நான் படும் அவஸ்தை தனி. மிச்சமிருந்த சர்க்கரைப் பொங்கலைச் சூடு பண்ணிக் கொடுத்தார். காலையில் காவிரிக்கரையில் கணுப்பிடி வைத்த மஞ்சள் இலை இன்னும் முற்றத்து ஓரத்தில் கிடந்தது. பையனின் பையைப் பார்த்துவிட்டு, "என்ன சுருதி?" என்று கேட்டார். நான் விழித்தேன். பையன், "அஞ்சரைக் கட்டை மாமி" என்றான். கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கு அளவு. "அப்போ பொண் குரலுக்கு வாசிக்கறே" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

ஜனவரி 16, வியாழன், காணும் பொங்கல்

ஆறு மணிக்கு ஆற்றங்கரைக்குப் போனால் எதிர்க்கரை தெரியவில்லை, அவ்வளவு பனி. டீ 15 ரூபாய், பாலில் தண்ணீர் இல்லை.

பனியோடு பையனுக்கு இன்னொரு தொல்லையும் வந்தது. ஈரக்காற்றில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிட்டது. வீட்டில் காற்றாடி போட்ட அறையில் வாசிக்கிறவனுக்கு இது புதிது. திண்ணையில் உட்கார்ந்து, கல்லையும் சின்ன மரக்கட்டையையும் வைத்து, வலது முகமான வலந்தலையின் ஓரப் பின்னலைச் சுற்றிச் சுற்றித் தட்டினான். ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் பேசவில்லை. தட்டுவான், தம்பூரா செயலியில் காதை வைப்பான், மறுபடி தட்டுவான். அரை மணி நேரம். மாமி உள்ளேயிருந்து, "வெயில் வரட்டும்டா குழந்தே, அதுவா ஏறும்" என்றார். ஏறத்தான் செய்தது. ஏறிய அளவுக்குக் கொஞ்சம் இறக்க வேண்டியும் வந்தது.

பந்தலுக்கு வந்தோம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேடை. ஒன்றில் பாடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததில் ஆட்கள் ஏறி, சுருதி சேர்த்துத் தயாராகிவிடுகிறார்கள். இங்கே முடிந்த நொடியில் அங்கே ஆரம்பம். இடைவெளியே கிடையாது. பெரிய பெயர்களும் வரும், முதல் தடவை மைக்கைப் பார்க்கும் பிள்ளைகளும் வரும், ஒரே மேடை. பாட்டு தியாகராஜருடையதாக மட்டும் இருக்க வேண்டும். சம்பளம் என்பது யாருக்கும் இல்லை.

சென்னை மார்கழிக் கச்சேரிகளை நினைத்துக்கொண்டேன். அங்கே சின்னவர்களுக்கு மதியம், கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு அதற்கு அடுத்த வேளை, பெரியவர்களுக்கு மாலை என்று படிக்கட்டு உண்டு. மதியம் பாடுகிற பிள்ளைக்கு முன்னால் பாதி நாற்காலி காலியாக இருக்கும், இருப்பவர்களில் சிலர் கேன்டீன் திறக்கக் காத்திருப்பவர்கள். அதையும் குறை சொல்லமாட்டேன், முழுக் கச்சேரியை நடத்திப் பழக வேறு வழியில்லை. இங்கே கதை வேறு. கிடைப்பது ஒரு பாட்டு, அதிகம் போனால் இரண்டு. ஆனால் எதிரே ஒரு கூட்டம் நிஜமாகவே உட்கார்ந்திருக்கிறது. முன்வரிசைப் பாட்டிகள் தாளம் போடுகிறார்கள், தப்பாகப் போடுவதில்லை.

நம் பெண்ணின் முறை வெயில் ஏறியபிறகு வந்தது. ஹிந்தோளத்தில் 'சாமஜவரகமனா'. ஆறு நிமிஷம் இருக்கும். பையன் இதற்காக ஒரு கோர்வை, முடிவில் வாசிக்கும் தாளக் கணக்கு, தயார் பண்ணி, பஸ்ஸிலும் என் தொடையிலேயே தட்டிப் பார்த்தவன். அதற்கு இடமே வரவில்லை. மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனமா, ஆறு நிமிஷத்திலா? பாட்டு முடிந்தது, எழுந்தார்கள், பக்கத்து மேடையில் வீணை பேச ஆரம்பித்துவிட்டது.

"அவ்ளோதானா மாமா?" என்றான்.

மத்தியானம் முழுக்க முகம் சரியில்லை. அசோகா வாங்கிக் கொடுத்தேன். பயத்தம்பருப்பு, கோதுமை மாவு, சர்க்கரை, நெய். திருவையாற்றுக்கு வந்து இதைச் சாப்பிடாமல் போகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா, தெரியவில்லை. சின்ன இலைத்துண்டில் சூடாக வைத்துத் தந்தார்கள், 30 ரூபாய். விரல்களில் நெய் ஒட்டி, இலையில் மிச்சமில்லாமல் வழித்தபிறகுதான் பையன் பேச ஆரம்பித்தான். மாலை மறுபடி பந்தல். இருட்டும் வரை மேடையில் இருக்கிற மிருதங்கக்காரர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பாடுகிறவர் பக்கம் தலை திரும்பவே இல்லை. காணும் பொங்கல் கூட்டம் ஆற்றங்கரை முழுக்க. பலூன் விற்பவனின் பீப்பி பந்தலுக்குள் வரும்போதெல்லாம் ஒரு வயலின் மாமா முகத்தைச் சுளித்தார்.

ஜனவரி 17, வெள்ளி

காலையில் ஐயாறப்பர் கோயில். வெளிப்பிராகாரத்தில் ஓரிடத்தில் நின்று 'ஐயாறா' என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். எனக்கு நான்குக்கு மேல் கேட்கவில்லை. ஆராதனைக்கு வந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அங்கே வரிசையாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஸ்வரமாகப் பாடிப் பார்த்தாள். ஸ என்று விட்டதும் அது திரும்பி வருவதற்குள் ப சொல்ல, இரண்டும் சேர்ந்து கேட்டது. காவலர் வந்து விரட்டினார், சிரித்துக்கொண்டே. அந்தக் கூட்டத்தில் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மிருதங்கப் பையன் இருந்தான். அவன் தமிழில் பாதி மலையாளம். நம்மவனும் அவனும் கோயிலைவிட்டு வெளியே வரும்போது 'டா' போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு மணிக்கு நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன். மேடைக்குப் பின்னால் இருந்தோம். ஓர் இளைஞர், பாடகர், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவருக்கு வாசிக்க வேண்டியவர் மயிலாடுதுறையிலிருந்து வருகிற பஸ்ஸில் எங்கேயோ மாட்டிக்கொண்டாராம். இன்னும் இரண்டு பாட்டில் இவர் முறை. அவருடைய வயலின்காரர், அறுபது வயதிருக்கும், சுற்றிலும் பார்த்தார். நம் பையனின் மடியில் மிருதங்கம்.

"தம்பி, வந்து உட்காரு."

"சார், இது அஞ்சரைக் கட்டை." பாடுகிறவரோ ஆண்குரல், ஒரு கட்டை. இந்த மிருதங்கத்தை அவ்வளவு இறக்கினால் தோல் பேசாது. பையன் கை நடுங்கியதை நான் பார்த்தேன். அப்போது பாலக்காட்டுப் பையன் ஒன்றும் சொல்லாமல் தாழ்ந்த சுருதிக்கான தன் தக்கு மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்து நீட்டினான். அவனே போய் உட்கார்ந்திருக்கலாம், யாரும் வேண்டாம் என்றிருக்கமாட்டார்கள். கூப்பிட்டது இவனை, அதனால் இவன்தான் போக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. இடது முகமான தொப்பியில் ஒட்டியிருந்த ரவை காய்ந்திருந்தது. தண்ணீர் தொட்டுக் குழைத்து அவனே பதம் பண்ணிக் கொடுத்தான்.

மேடையேறும் முன் பாடகர் ஒரு பாட்டைச் சொன்னார். மேலே போய் உட்கார்ந்ததும், நேரம் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ, வேறு பாட்டை எடுத்துவிட்டார். ஹம்ஸநாதத்தில் 'பண்டுரீதி கோலு'. அது சமத்தில், தாளத்தின் முதல் தட்டில், எடுக்கிற பாட்டு இல்லை, தள்ளி எடுக்கிறது. பையன் முதல் ஆவர்த்தனம் முழுக்கக் கையை மிருதங்கத்தின் மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. வயலின்காரர் வில்லை இழுத்தபடியே புருவத்தைத் தூக்கி இடத்தைக் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே வந்தான். அப்புறம் முழுப் பாட்டுக்கும் வெறும் சர்வலகுதான், நேரான நடை. பழக்கமில்லாத பெரிய மிருதங்கம், தெரியாத பாடகர். வித்தை காட்ட வழியே இல்லை. பாட்டு எங்கே போகிறதோ அங்கே போனான். சரணத்தில் பாடகர் ஒரு இடத்தில் நீட்ட, இவன் தட்டாமல் விட்டான், அது சேர்ந்து விழுந்தது. முன்வரிசைப் பாட்டி ஒருவர் 'ஆஹா' என்றார். பாடகருக்கா, இவனுக்கா தெரியாது. இவனுக்கென்றே வைத்துக்கொண்டோம்.

இறங்கி வந்ததும் வயலின்காரர், "பாட்டைக் கெடுக்காம வாசிச்சே. அது போதும்" என்று முதுகில் தட்டினார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு கதையும் சொன்னார். 1928-இல் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் வசந்தோற்சவத்தில் பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயர் பாட வேண்டியது. அவருக்கு உடம்பு முடியவில்லை. அந்த இடத்தில் உட்கார வைத்தது ஜி.என்.பாலசுப்பிரமணியம் என்ற 18 வயதுப் பையனை. பின்னாளில் பெரிய பாடகரான ஜி.என்.பி.யின் அரங்கேற்றம் அப்படித்தான் நடந்தது. "உன்னை ஜி.என்.பி.ன்னு சொல்ல வரலை, தலைக்கு ஏத்திக்காதே" என்றும் சேர்த்துக்கொண்டார். "மேடைக்குப் பின்னால வாத்தியத்தோட உட்கார்ந்திருக்கணும். வீட்ல இருந்தா எவன் கூப்பிடுவான்?"

இதைத்தான் நான் போட்டிகளில் பார்த்ததில்லை. பையன் போட்டிகளுக்குப் போயிருக்கிறான், கோப்பைகள் வாங்கியிருக்கிறான். அங்கே நாள் முழுக்கப் பக்கத்தில் இருக்கிறவனின் விரலையே பார்ப்பார்கள், அவன் எங்கே தப்புவான் என்று. அப்படிப்பட்ட இடத்தில் யாராவது தன் மிருதங்கத்தை எடுத்து நீட்டுவார்களா? ஆராதனையில் நடுவர் இல்லை, முதல் இடம் இல்லை. அதனால் அடுத்தவன் நன்றாக வாசித்தால் இவனுக்கு நஷ்டமும் இல்லை. அக்காவுக்குப் போன் பண்ணினேன். பரிசு ஏதாவது உண்டா என்றாள். இல்லை என்றேன். சர்டிஃபிகேட்? கேட்கவில்லை என்றேன். அப்புறம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்டானா?" என்றாள்.

எல்லாமே இங்கே தேன் என்று எழுதினால் பொய். மேடையேறி, செல்போனில் படம் பிடிக்கச் சொல்லி, பாடி, இறங்கி, அடுத்தவர் பாட்டைக் கேட்காமல் காரில் ஏறிப் போகிற குடும்பங்களையும் பார்த்தேன். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு வீடியோ. அது வீட்டிலேயே எடுத்திருக்கலாம், லாட்ஜ் காசாவது மிச்சம்.

ஜனவரி 18, சனி, பஞ்சமி

விடியற்காலையிலேயே மாமி எழுப்பிவிட்டார். திருமஞ்சன வீதியில் தியாகராஜரின் நினைவு இல்லத்திலிருந்து, பாடிக்கொண்டே வீதியில் பிச்சை ஏற்கும் உஞ்சவிருத்தி பஜனை கிளம்பியது. பின்னாலேயே நடந்து ஆற்றங்கரைச் சமாதிக்கு வந்தோம். நாகஸ்வரம் முடிந்து, புல்லாங்குழல்கள் ஒன்றாகச் சேர்ந்து 'சேதுலாரா' வாசித்ததும், ஒன்பது மணி சுமாருக்கு, தியாகராஜரின் ஐந்து பெரிய கீர்த்தனைகளான பஞ்சரத்னம் ஆரம்பமானது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ஐந்தும் ஆதி தாளம்.

நடுவில் சந்நிதிக்கு வழி விட்டு இரண்டு பக்கமும் எதிரெதிராக உட்கார்ந்து பாடுகிறார்கள். முன்னால் டிவியில் பார்த்த முகங்கள். பின்வரிசையில் பட்டுப்பாவாடைப் பிள்ளைகள், மூன்று பேருக்கு ஒரு காகிதம். பையனுக்கு மிருதங்கக்காரர்களின் கடைசி வரிசையில், பாலக்காட்டு நண்பனுக்குப் பக்கத்தில் இடம். எத்தனை மிருதங்கம் என்று எண்ண முடியவில்லை. இத்தனை கைகள் ஒன்றாக விழ வேண்டுமென்றால் ஒருவரும் தனியாகக் கேட்கக்கூடாது. நேற்று முன்தினம் தன் கோர்வைக்கு இடமில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன், இன்று தன் சத்தம் தனக்கே கேட்காமல் ஒரு மணி நேரம் வாசித்தான்.

வராளி வந்தபோது என் பக்கத்தில் நின்ற பாட்டு டீச்சர் ஒருவர் ஒரு விஷயம் சொன்னார். வராளியை குரு நேராகச் சொல்லிக் கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை உண்டாம். அதனால் 'கனகன ருசிரா'வைப் பலபேர் கேட்டே பாடம் பண்ணியவர்கள். "என் பசங்களுக்கு இதை நான் சொல்லித் தரலை. வருஷா வருஷம் கூட்டிட்டு வந்து பின்னாடி உட்கார வெச்சிடுவேன்" என்றார். நம்பிக்கை இருக்கட்டும், அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. முதல் வருஷம் வாயசைக்கும் பிள்ளை, அடுத்த வருஷம் பல்லவியாவது பாடிவிடும்.

சமாதிக்கு எதிரே கைகூப்பி உட்கார்ந்திருக்கும் பாடகி பெங்களூர் நாகரத்னம்மாள் சிலையிடம் நம் பாட்டுக்காரப் பெண் வெகுநேரம் நின்றாள். 1920-களில் தன் சொத்தைப் போட்டு இந்தச் சமாதிக் கோயிலைக் கட்டியவர். பெரிய கட்சி, சின்ன கட்சி என்று ஆண்கள் பிரிந்து நின்று ஆராதனை நடத்திய காலத்தில் பெண்களுக்குப் பாட இடமில்லை. இவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக நடத்தினார். எல்லாம் ஒன்றானது 1940-ஐ ஒட்டித்தான். "கட்டினவங்களையே பாட விடலையா?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். பஞ்சரத்னம் பாடிவிட்டு எழுந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள்.

மத்தியானம் நியூ ஜெர்சியிலிருந்து வந்த குடும்பத்தோடு ஒரே பந்தியில் சாப்பாடு. அவர்கள் பையன், பதினாறு வயது, வயலின். ஓஹையோவின் கிளீவ்லாந்தில் 1978 முதல் நடக்கும் ஆராதனையில் சின்ன வயதிலிருந்தே வாசிக்கிறானாம். அங்கே ஹால், மெத்தை நாற்காலி, பிள்ளைகளுக்குப் போட்டிகளும் உண்டு. இங்கே எப்படி என்றேன். "இங்க யாரும் என்னைக் கவனிக்கலை அங்கிள், அது சூப்பரா இருக்கு" என்றான். ரசத்தைக் கையில் வாங்கிக் குடிக்க அவனுக்கு நம் பையன் சொல்லிக் கொடுத்தான். பாதி முழங்கை வழியாகப் போனது.

இரவு ஆஞ்சநேயர் உற்சவத்தோடு விழா முடிந்தது. மாமியிடம் ஒரு கவரைக் கொடுத்தேன். பிரித்துப் பார்க்காமல் சுவாமி அலமாரியில் வைத்தார். போதுமா, குறைவா, இன்னும் தெரியாது.

ஜனவரி 19, ஞாயிறு

திரும்பும் வழியில் தஞ்சாவூரில் ஒரு மிருதங்கப் பட்டறை. பையன் தக்கு மிருதங்கம் வேண்டும் என்று நேற்றிலிருந்து நச்சரிக்கிறான். நேற்று அந்தப் பாடகர் வேறு நம்பர் வாங்கிக்கொண்டார், சிவராத்திரிக்குத் திருச்சிப் பக்கம் ஒரு கோயிலில் பாட்டு இருக்கிறதாம், வருவாயா என்று. கடன் வாங்கிய மிருதங்கத்தில் எத்தனை நாள் வாசிப்பது என்பது அவன் வாதம்.

பட்டறை என்றால் ஒரு நீளத் திண்ணை, குடைந்த பலாக்கட்டைகள், காயும் தோல்கள், மூக்கைத் துளைக்கும் வாடை. பெரியவர் முதலில் பையன் கொண்டுவந்த மிருதங்கத்தை வாங்கி வலந்தலையை ஒரு தட்டுத் தட்டினார். "ரொம்ப ஏத்தி ஏத்தித் தட்டியிருக்கே. பனிக்காலத்துல அடிச்சுக் கொல்லக்கூடாது, அதும்போக்குல விடணும்" என்றார். பிறகு என்னிடம் விலை சொன்னார். 15,000-த்துக்குக் குறையாது, நல்ல கட்டையென்றால் இன்னும் மேலே. நான் 12,000 என்றேன். அவர் பதிலே சொல்லாமல் வாரை இழுத்துக்கொண்டிருந்தார். 13,000 என்றேன். "சார், இது கறிகாய் இல்ல."

பையனைப் பார்த்தேன். அவன் ஒரு பெரிய கட்டையின் வாயில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மிச்சத்துக்கு அக்காவிடம் அவன்தான் பேச வேண்டும். பஸ்ஸில் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தவன், புதுக்கோட்டை ரோடு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டான். மிருதங்கம் மறுபடி என் பக்கம் வந்துவிட்டது, இந்தத் தடவை நடத்துநர் 40 ரூபாய் வாங்காமல் விடவில்லை.